நாட்காட்டியில் வைத்த நிறம் ஏன் நிற்கவில்லை?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப்போவது கடன் பற்றி இல்லை, சேமிப்பு பற்றியும் இல்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கும் நாட்காட்டி பற்றி. "அது ஆபீஸ்ல இருக்கிற பொண்ணோட வேலை, நமக்கு எதுக்கு?"ன்னு பின்வரிசையில் இரண்டு அக்கா பேசுவது காதில் விழுகிறது. எதுக்குன்னு முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்காட்டியில் இருப்பது யாருடைய தேதி? உங்களுடைய தேதி. எந்தக் குழுவுக்கு எந்த நாளில் வங்கித் தவணை, எந்தக் குழுவுக்குத் தணிக்கை, எப்போது பயிற்சி, எப்போது கூட்டம், எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரே பார்வையில் தெரியட்டும் என்று நிறம் பிரித்து வைக்கிறோம். தவணைக்குச் சிவப்பு, கூட்டத்துக்குப் பச்சை, பயிற்சிக்கு நீலம், தணிக்கைக்கு ஊதா. சிவப்பைப் பார்த்ததும் அந்தக் குழுவுக்குப் போன் போட வேண்டும் என்பது பழக்கம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டரில் வைத்த சிவப்பு, பக்கத்துக் கம்ப்யூட்டரில் வெள்ளையாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்தவர் அதைச் சாதாரணக் குறிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போகிறார். போன் வரவில்லை. தவணை நாள் கடந்துவிட்டது. குழுவின் பெயரில் நிலுவை ஏறுகிறது, வட்டி கூடுகிறது, அடுத்த கடன் கேட்கும்போது வங்கியில் அந்த நிலுவை முன்னால் வந்து நிற்கிறது. பன்னிரண்டு பெண்கள் மாதம் தவறாமல் கட்டி வந்த நல்ல பெயர், ஒரு நிறம் நிற்காததால் கெட்டுப்போகலாமா? அதனால்தான் இது எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

நிறம் எங்கே இருக்கிறது?

அவுட்லுக் என்கிற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் மின்னஞ்சலும் நாட்காட்டியும் சேர்ந்தே இருக்கும். இன்று நாம் பார்க்கும் நிற வகைகள் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தவை. அதில் 25 நிறங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நம்முடைய தீர்மானப் புத்தகத்தில் ஒரு உறுப்பினருக்குக் கடன் கொடுத்தோம் என்று எழுதும்போது அவர் பெயரை மட்டும்தான் எழுதுகிறோம். அவருடைய முகவரி, கணவர் பெயர், வங்கிக் கணக்கு எண் எல்லாம் எங்கே இருக்கும்? உறுப்பினர் பதிவேட்டில். தீர்மானப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனால், அந்தப் பெயர் யாருடையது என்று அங்கே யாருக்காவது தெரியுமா?

நாட்காட்டியும் இப்படித்தான். ஒரு தேதியில் நாம் நிறம் வைக்கும்போது அந்தக் குறிப்பில் பதிவது நிறம் இல்லை, "தவணை" என்கிற பெயர் மட்டும்தான். "தவணை என்றால் சிவப்பு" என்கிற விவரம் வேறொரு பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் ஒவ்வொரு மின்னஞ்சல் கணக்குக்கும் தனித்தனி. எந்தக் கணக்கின் பட்டியலில் "தவணை" என்ற பெயர் இல்லையோ, அங்கே பெயர் வரும், நிறம் வராது. "சேவ் ஆகலை"ன்னு நாம் சொல்வதில் பல நேரம் சேவ் ஆகித்தான் இருக்கும். பதிவேடு மாறிப்போனதுதான் காரணம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

கணக்கு இடிக்கும்போது நாம் என்ன செய்வோம்? எல்லாப் புத்தகத்தையும் ஒரே நேரத்தில் புரட்ட மாட்டோம். ரொக்கப் புத்தகம், பிறகு பேரேடு, பிறகு பாஸ் புத்தகம் என்று வரிசையாகப் போவோம். இங்கேயும் அதே முறைதான்.

முதலாவது, சேமித்தோமா என்று பார்க்க வேண்டும். குறிப்பைத் திறந்து உள்ளே நிறம் வைத்தால், "சேவ் அண்ட் க்ளோஸ்" அழுத்திய பிறகுதான் அது பதியும். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் சேமிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் "நோ" அழுத்திவிட்டால் நிறம் போய்விடும். கீழே "வொர்க்கிங் ஆஃப்லைன்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் மாற்றம் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே காத்துக்கொண்டிருக்கும். இணைப்பு வந்த பிறகுதான் வெளியே போகும்.

இரண்டாவது, அதே கணக்கை இணையத்தில் திறந்து பார்க்க வேண்டும். இது மிக முக்கியமான சோதனை. கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளை விட்டுவிட்டு, பிரவுசரில் அதே மின்னஞ்சல், அதே கடவுச்சொல் போட்டு நாட்காட்டியைப் பாருங்கள். அங்கே நிறம் தெரிந்தால், நிறம் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது, சிக்கல் பார்க்கிறவர் பக்கம். அங்கே தெரியாவிட்டால், நிறம் இந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே இல்லை. எந்தப் பக்கம் தேடுவது என்பது இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, வெளியே போகவில்லை என்றால் எந்த நாட்காட்டியில் எழுதினோம் என்று பார்க்க வேண்டும். ஒரே அவுட்லுக்கில் இரண்டு மூன்று மின்னஞ்சல் கணக்கு இருக்கலாம். அதில் ஐமேப் என்ற முறையில் இணைத்த கணக்குக்கு மின்னஞ்சல் மட்டும்தான் வந்து போகும், நாட்காட்டி போகாது. அந்த நாட்காட்டியின் பெயர் அருகில் "திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி" என்று போட்டிருக்கும். இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று அர்த்தம். ஜிமெயில் கணக்கைப் பழைய வடிவ அவுட்லுக்கில் சேர்க்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. அதில் நூறு தடவை நிறம் வைத்தாலும் இன்னொரு இடத்தில் தெரியாது. வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதிவிட்டு, அலுவலகச் சுவரில் ஏன் இல்லை என்று கேட்பது போலத்தான். பொதுவாக எல்லாரும் பார்க்கிற கணக்கின் நாட்காட்டிக்குக் குறிப்புகளை மாற்றுவதுதான் இதற்கு வழி.

நான்காவது, அனுமதி. ஒருவருடைய நாட்காட்டியை மற்றவருக்குப் பகிர்ந்து கொடுக்கும்போது பார்க்க மட்டும் அனுமதி கொடுக்கலாம், திருத்தவும் அனுமதி கொடுக்கலாம். நிறம் வைப்பதும் ஒரு திருத்தம்தான். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர் நிறம் வைத்தால் அது நிற்காது. நாட்காட்டிக்கு உரியவர் அதன் "ப்ராப்பர்ட்டீஸ்" பகுதிக்குப் போய் "பர்மிஷன்ஸ்" என்ற இடத்தில் திருத்தும் உரிமையைக் கொடுக்க வேண்டும். ஆனால் யாருக்கு அந்த உரிமை என்பதைக் கூட்டத்தில் பேசித் தீர்மானம் போட்டுக் கொடுங்கள். காசோலையில் யார் கையெழுத்து என்று முடிவு செய்வது மாதிரி இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பின் மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தினால் "கேட்டகரைஸ்" என்று வரும். அதற்குள் "ஆல் கேட்டகரீஸ்" போனால் பட்டியல் திறக்கும். "தவணை" என்பதற்குப் பக்கத்தில், முதன்மைப் பட்டியலில் இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து "நியூ" அழுத்தி, சிவப்பைக் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். அவ்வளவுதான், பழைய குறிப்புகளிலும் நிறம் வந்துவிடும். இது பழைய வடிவ அவுட்லுக்கில் உள்ள வழி. புதிய வடிவத்தில் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், விஷயம் ஒன்றுதான்.

ஆறாவது, எழுத்துப்பிழை. சிரிக்காதீர்கள், இது நிஜமான காரணம். ஒருவர் "தவணை" என்று எழுதுகிறார், இன்னொருவர் "தவனை" என்று எழுதுகிறார். நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். கால் எழுத்துக்குப் பதில் ர எழுத்தைத் தட்டிவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒரு கம்ப்யூட்டரில் யூனிகோடு முறை, இன்னொன்றில் பழைய எழுத்துரு என்று இருந்தாலும் பெயர் பொருந்தாது. அதனால் ஒவ்வொருவரும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டாம். ஒருவர் சரியாக எழுதியதையே மற்றவர் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

இன்னும் மூன்று விஷயம்

மாதாமாதம் வருகிற தவணையைத் தொடர் குறிப்பாகப் போட்டிருப்போம். திறக்கும்போது "இந்த ஒன்று மட்டுமா, முழுத் தொடருமா?" என்று கேட்கும். ஒன்று மட்டும் என்று சொல்லி நிறம் வைத்தால் அந்த மாதம் சிவப்பு, அடுத்த மாதம் வெள்ளை. நிறம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். முழுத் தொடரைத் திறந்து வையுங்கள்.

கூட்ட அழைப்பை மின்னஞ்சலில் அனுப்பும்போது நாம் வைத்த நிறமும் சேர்ந்து போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெறுகிறவர் தன் பட்டியலிலிருந்து தானே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதேபோல அவுட்லுக்கில் வைத்த நிறம் உங்கள் செல்போனில் உள்ள கூகுள் நாட்காட்டிக்கு வராது. இரண்டும் வேறு வேறு நிறுவனத்தின் வேறு வேறு ஏற்பாடு.

மூன்றாவது ஒரு எச்சரிக்கை. நிறம் சரியாகவில்லை என்றதும் யாராவது வந்து, "க்ளீன் கேட்டகரீஸ்" என்று ஒரு கட்டளை இருக்கு, போட்டுவிடலாம் என்பார்கள். அது நாம் வைத்த பெயர்களை எல்லாம் அழித்து, மென்பொருளோடு வந்த பெயர்களுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். எந்தப் பெயருக்கு எந்த நிறம் என்று தாளில் எழுதி வைக்காமல் அதைத் தொட விடாதீர்கள்.

நிறத்தை மட்டும் நம்பலாமா?

கூடாது. கண்புரை உள்ள அம்மாமார்களுக்கு நிறம் மங்கலாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் உண்டு. ஆண்களில் அதிகம், பெண்களில் சிலர். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் எல்லா நிறமும் சாம்பல்தான். எனவே குறிப்பின் தலைப்பிலேயே முதல் வார்த்தையாக "தவணை" என்று எழுதி, குழுவின் பெயரையும் தொகையையும் போடுங்கள். நிறம் போனாலும் எழுத்து நிற்கும்.

நிறப் பட்டியலைத் தாளில் எழுதிக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அதன் நகல் ஒன்று செயலரிடமும் இருக்கட்டும். இன்றைக்கு ஒரு பெண் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போகலாம், வேறு நல்ல வேலை கிடைத்துப் போகலாம். போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் நம்முடைய தேதிகளின் அர்த்தம் அவள் தலைக்குள் மட்டும் இருந்தால், அவள் போகிற அன்று அதுவும் போய்விடும். கணக்கர் ஒருவருக்கு மட்டும் கணக்கு தெரிந்த குழு என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறைந்தது மூன்று பேருக்குக் கடவுச்சொல்லும், நிறப் பட்டியலும், இந்தச் சோதனை வரிசையும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். "கம்ப்யூட்டர்ல காட்டலைம்மா" என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டி விட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். "இணையத்தில் திறந்து பார்த்தீங்களா? பட்டியல்ல பெயர் இருக்கா? யாருக்கு அனுமதி கொடுத்திருக்கு?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். அதற்குப் பட்டம் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம். பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்க்கக் கற்றுக்கொண்ட நமக்கு, இதையும் கேட்கத் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தன்னுடைய தவணைத் தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அலுவலக நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நிறம் சரியாக இருக்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று நீங்களே உங்கள் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.