ஆடியில் மோதி வீழும் பறவைகள்



அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி, மெக்கார்மிக்கு பிளேசு என்னும் மாநாட்டு வளாகம் உள்ளது. அதன் ஏரிப்புறக் கூடம் 1971இல் திறக்கப்பெற்றது, சுவரெல்லாம் கண்ணாடி. 2023ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்கள் 5ஆம் நாள் காலையில், அச்சுவரின் அடியில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன! வடபுலத்துக் குளிர் முற்றுமுன் தென்திசை நோக்கி வலசை புறப்பட்டவை. பெரும்பாலன உள்ளங்கையில் அடங்கும் சிற்றுயிர்கள். ஒரே இரவில் எல்லாம் முடிந்தது.

இதனை ஊழ் என்பாரும் உளர். இயற்கையின் போக்கு என்பாரும் உளர். இரண்டும் பொய். பறவையின் கண் பழுதுடையதன்று. கண்ணாடி என்னும் பொருளை அஃது அறியாது, அவ்வளவே. முகம் பார்க்கும் பொருளை நம் முன்னோர் ஆடி என்றனர். பகலில் அக்கட்டடச் சுவரும் ஆடியே. மரமும் வானும் அதில் தோன்ற, பறவை அம்மரத்தை நாடிப் பறந்து மோதுகிறது. இரவிலோ உள்விளக்கின் ஒளி அதனை ஈர்க்கிறது.

1978 முதல் அந்நகரின் பீல்டு அருங்காட்சியகத்தார் அங்கு வீழ்ந்த பறவைகளைப் பொறுக்கி, எண்ணி, குறித்து வைத்தனர். நாற்பது ஆண்டுகட்கு மேலான அக்கணக்கு ஏறத்தாழ 40,000! இடையில் விளக்குகளைக் குறைத்துப் பார்த்தனர். சாவு குறைந்தது, நிற்கவில்லை. கணக்கு கையில் இருந்தும் கண்ணாடியில் கை வைக்க எவருக்கும் மனம் வரவில்லை.

2024 கோடையிலேதான் கண்ணாடியின் வெளிமுகத்தில், சிறுபுள்ளிகள் நெருங்கப் பதிந்த ஒட்டுத்தாள் ஒட்டப்பெற்றது. தன் உடல் நுழையாத இடைவெளியில் பறவை புகாது. ஆதலின் புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ.க்கு மேல் ஆகாது. உட்புறம் ஒட்டினாலும் பயன் குன்றும். வெளியே தோன்றும் வானின் சாயல் புள்ளியை மறைத்துவிடும். பருந்தின் உருவம் ஒன்றை நடுவில் ஒட்டிவிட்டுக் கடமை தீர்ந்தது என்பார் செயலோ வெறுங் கண்துடைப்பு. பறவை அதனை விலக்கிப் பக்கத்தில் மோதும்.

அவ்வாண்டுக் கூதிர்க் காலத்தில் சாவு ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்தது. செலவு 12 இலக்கம் டாலர். இனிக் கட்டுவோர் தொடக்கத்திலேயே புள்ளியிட்ட கண்ணாடியைப் பதிப்பாராயின் இப்பின்செலவும் இல்லை.

நியூயார்க்கு நகரம் கட்டுவோரின் மனத்தை நம்பியிருக்கவில்லை. 2019இல் சட்டமே இயற்றியது. 2021 முதல் அங்கெழும் புதுக் கட்டடங்களின் வெளிச்சுவரில், 75 அடி உயரம்வரை, பத்தில் ஒன்பது பங்கேனும் பறவையின் கண்ணுக்குப் புலப்படும் பொருளால் அமைதல் வேண்டும்.