ஏட்டில் ஏறாத ஏமாற்று

தலைப்பு: மோசடியை ஒடுக்கப் பெரிதும் தேவை காவலின் கண்டிப்பா? கணக்கின் பதிவா?
(நாகர்கோவில் மேடையில் ‘கணக்கின் பதிவே!’ அணியில் பேசியது)

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு பழமொழி சொன்னார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது! நாலு போலீசை அனுப்பு, நாற்பது பேரைப் பிடி, மோசடி தானா ஒழியும்” என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஐயா, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, ஒத்துக்கறேன். ஆனா சந்தையில வாங்கின சுரைக்காய் ரெண்டு கிலோவா, ஒண்ணே முக்கால் கிலோவான்னு வழக்கு வந்தா, அங்கே உதவறது ஏடு மட்டும்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இங்கே பக்கத்திலதான் சுசீந்திரம். திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்திலே அந்தக் கோயில்லே ‘கைமுக்கு’ன்னு ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கிற நெய்யிலே கையை முக்கணும். கட்டுப் போட்டு, சில நாள் கழிச்சு அவிழ்த்துப் பார்ப்பாங்க. கை வெந்திருந்தா குற்றவாளி, வேகலேன்னா நிரபராதி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்திலே அதை நிறுத்தினாங்க. நல்லவேளை! இல்லேன்னா இன்னிக்கு நம்ம ஊர்ல எத்தனை வியாபாரி கையில கட்டோட திரிவான்! (பலத்த சிரிப்பு)

சிரிச்சாச்சு. இப்போ யோசிங்க. அன்னிக்கு நெய்யைக் கொதிக்க வைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் மறுக்கறார், நடுவிலே எழுத்து இல்லே. எழுத்து இல்லாத இடத்திலே நியாயம் கேட்டா, கை வெந்துதான் போகும். இன்னிக்கும் அதே கதைதான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-இல். மெட்ரிக் எடையை நாடு முழுக்கக் கொண்டுவந்த எடையளவுச் சட்டமும் அதே 1956-இல்தான் வந்தது. அதற்கு முந்தி மரக்கால், நாழி, கோட்டை. வாங்கும்போது ஒரு மரக்கால், அளந்து கொடுக்கும்போது ஒரு மரக்கால்னு வைத்திருந்த மகாராசன்களைப் பற்றி உங்க தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீங்க. இன்னிக்கு சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 இருக்கு. கடையிலே இருக்கிற எலெக்ட்ரானிக் தராசை வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளர் சோதிச்சு முத்திரை வைக்கணும். அந்தச் சான்றிதழைக் கடையிலே எல்லோருக்கும் தெரியற மாதிரி மாட்டி வைக்கணும். நாம என்ன செய்யறோம்? கடைக்குப் போனா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடறோம், பக்கத்திலே சான்றிதழ் இருக்கான்னு பார்க்கறதில்லே! (சிரிப்பு) பெட்ரோல் பங்க்கிலே அளவிலே சந்தேகம் வந்தா அஞ்சு லிட்டர் அளவையிலே பிடிச்சுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. கேட்டவங்க கை தூக்குங்க பார்ப்போம்! (ஒருவரும் தூக்கவில்லை. சிரிப்பு)

நடுவர் அவர்களே, இப்போ என் வீட்டுக் கதை ஒண்ணு. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

எங்க சித்தி அண்டி ஆபீஸிலே வேலை பார்த்தவங்க. முந்திரிக்கொட்டை உடைச்சு உடைச்சு, விரல் பத்தும் பால் பட்டுக் கறுத்துப் போயிருக்கும். எங்க தெருவிலே ஒரு பெண்மணி மாசச் சீட்டு நடத்தினாங்க. இருபது பேர், மாசம் ஆயிரம் ரூபாய், இருபது மாசம். பதிவு செய்யாத சீட்டு. ரசீது கிடையாது. “நமக்குள்ள என்ன மைனி ரசீது?” அப்படின்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் ரசீது! சித்தி காலண்டர் தாளுக்குப் பின்னாலே கோடு போட்டு வைச்சிருந்தாங்க. மகள் கல்யாணத்துக்குக் கடைசிச் சீட்டை எடுக்கலாம்னு காத்திருந்தாங்க. கோடு பத்தொன்பது ஆச்சு. இருபதாவது கோடு போடப் போனப்போ அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

பணத்தை விட்டவங்க பல பேர். ஒருத்தராவது காவல் நிலையத்துக்குப் போனாங்களா? போகலே. ஏன்? ஒருத்திக்கு வீட்டுக்காரருக்குத் தெரியாமக் கட்டின சீட்டு. இன்னொருத்திக்கு, நாலு பேர் சிரிப்பாங்களேன்னு வெட்கம். எங்க சித்தி சொன்னாங்க, “போனது போச்சு மக்ளே, மானம் போவாண்டாம்.”

ரெண்டு வருஷம் போச்சு. ஒருநாள் பஸ்ஸிலே சித்திக்குப் பக்கத்திலே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாங்க. பேச்சு வாக்கிலே சீட்டுக் கதை வந்தது. அதே பெண்மணி, அதே இருபது பேர், அதே “நமக்குள்ள என்ன மைனி ரசீது!” ஏழெட்டு மைல் தள்ளி இன்னொரு ஊரிலே அதே நாடகத்தை ஆடி முடிச்சாச்சு! சித்தி, “எங்களையும் இப்படித்தான் ஏமாத்தினா”ன்னு சொன்னாங்க. அந்தப் பெண் திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க: “அப்பமே நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தியள்னா, எனக்க பிள்ளைக்க கம்மலு போயிருக்காதே அக்கா!”

(அரங்கம் அமைதி)

ஐயா, அந்தக் கேள்விக்கு எங்க சித்தியிடம் பதில் இல்லே. இங்கே பதில் வைச்சிருக்கிறவங்க யாராவது உண்டா? ஏமாந்தது சித்தியோட குற்றம் இல்லே. ஆனா அதை எழுதாம விட்டதாலே, அரசாங்கக் கணக்கிலே அந்த மோசடி நடக்கவே இல்லே! நடக்காத குற்றத்துக்கு எந்தப் போலீஸ் போவார்? எதிரணி நண்பரே, நாலு போலீசை அனுப்புங்கறீங்களே, எந்தத் தெருவுக்கு அனுப்பறது? எந்தக் கதவைத் தட்டறது? முகவரி ஏட்டிலே இருந்தாத்தான் லத்திக்கே வழி தெரியும்! (கைதட்டல்)

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986-இல் தொடங்கினது. ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்கிற அறிக்கை 1953-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்தே வருது. அதிலே எண்ணறது எதை? காவல் நிலையத்திலே பதிவான வழக்குகளை. இருபது பெண்கள் சேர்ந்து ஒரே எஃப்.ஐ.ஆர். போட்டா, கணக்கிலே ஒரு வழக்கு. ஒருத்தரும் போடலேன்னா பூஜ்யம்! பதிவு கூடினா குற்றம் கூடிப்போச்சுன்னு அர்த்தம் இல்லேன்னு அந்த அறிக்கையே எச்சரிக்குது. ஆனா நாம என்ன செய்யறோம்? எண்ணிக்கை குறைஞ்ச ஊரைப் பார்த்து, ‘ஆகா, ராமராஜ்யம்’ங்கறோம். காய்ச்சலை அளக்காத வீட்டிலே யாருக்கும் காய்ச்சல் இல்லையாம்! (சிரிப்பு)

நான் அதிகாரிகளுக்கு வக்காலத்து வாங்க வரலே. “இதெல்லாம் ஒரு புகாரா? பேசித் தீர்த்துக்கோங்க”ன்னு திருப்பி அனுப்பற இடங்களும் இருக்கு. கணக்கு அழகா இருக்கணும்னு பேனாவை மூடி வைக்கிறவங்களும் இருக்காங்க. அதனாலேதான் கைது செய்யத்தக்க குற்றம்னு புகாரிலே தெரிஞ்சா, வழக்குப் பதிவு செய்தே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கிலே சொல்லிச்சு. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாத் தரணும். மனு கொடுத்தா சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம வராதீங்க. மளிகைக் கடையிலே மிச்சம் ஒரு ரூபாயை எண்ணி வாங்கறோம், காவல் நிலையத்திலே ரசீதை விட்டுட்டு வரலாமா?

அமெரிக்காவிலே 1997 முதல் ‘கன்ஸ்யூமர் சென்டினல்’னு ஒரு பொதுப் பதிவேடு இருக்கு. ஓர் ஊரிலே வந்த மோசடிப் புகாரை இன்னோர் ஊர்க் காவலர் பார்க்கலாம். இங்கேயும் வழி இருக்கு. ஃபோனிலே பேசிப் பணத்தைச் சுருட்டினானா? உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டறதுக்குள்ளே மடக்க அவ்வளவு வாய்ப்பு. பொருளிலே ஏமாந்தீங்களா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ளே போகணும். அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லே. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். மனைவியிடம் வாதாடித் தோற்ற அனுபவம் இருந்தாலே போதும்! (பலத்த சிரிப்பு)

ஹால்மார்க் நகையைப் பாருங்க. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியிலே போட்டா அந்த நகையோட ஜாதகமே வரும். இனி மாப்பிள்ளை ஜாதகத்துக்கும் ஒண்ணு வந்தா நல்லா இருக்கும்! (சிரிப்பு, கைதட்டல்) ஒரு கம்மலுக்கு அரசாங்கம் ஏடு வைக்குதுன்னா, அந்தக் கம்மலை இழந்த அம்மாவோட கண்ணீருக்கு நாம ஏடு வைக்க வேண்டாமா?

நடுவர் அவர்களே, கதையை முடிக்கிறேன். பஸ்ஸிலேர்ந்து இறங்கின சித்தி வீட்டுக்கு வரலே. நேரே அந்தப் பெண்ணோட ஊருக்குப் போனாங்க. ரெண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தாங்க. சித்தியோட சான்று என்ன? அந்தக் காலண்டர் தாள்! தேதியும் தொகையும் பத்தொன்பது கோடும் இருந்த அந்தத் தாளைக் காவலர் வாங்கிக் கோப்பிலே சேர்த்தார். வழக்கு ஆச்சு. ஆளும் அகப்பட்டது. எங்கே தெரியுமா? மூணாவது ஊரிலே! புதுச் சீட்டுக்கு ஆள் சேர்த்துக்கிட்டிருந்த இடத்திலே!

சித்திக்கு முழுப் பணமும் வரலே. பாதிகூட வரலே. ஆனா மூணாவது ஊர்ல இருபது வீடு பிழைச்சுது. அந்த இருபது பேருக்கும் எங்க சித்தி பேர் தெரியாது. காவல் நிலையத்து ஏட்டுக்குத் தெரியும்!

நடுவர் அவர்களே! காவலின் கண்டிப்பு வேணும். ஆனா கண்டிக்கப் போகிற காவலுக்கே வழி காட்டுவது நாம் எழுதிக் கொடுக்கிற ஒரு வரி. எனவே, மோசடியை ஒடுக்கப் பெரிதும் தேவை கணக்கின் பதிவே, பதிவே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)