மூச்சைப் படம் பிடிக்கும் வாயு

(கல்விக் கழக வெள்ளி விழாவையொட்டித் திருவாலங்காட்டில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேச வருபவர் கழகத்தின் வரலாற்றைப் பேசுவதே வழக்கம். அதனைச் செயலாளர் அவர்கள் செவ்வனே கூறிவிட்டார்கள். நான் பட்டம் பெற்றது வரலாற்றில்தான். ஆயினும் இன்று இயற்பியலும் மருத்துவமும் கலந்த ஒரு பொருளைப் பற்றிப் பேச விழைகிறேன். காரணம் உண்டு. நம்மவருள் பலர் செங்கற் சூளைகளிலும் கல்லுடைக்கும் ஆலைகளிலும் தூசியைச் சுவாசித்தே பிழைக்கின்றனர். அவர்தம் நுரையீரலுள் காற்று எங்கே செல்கிறது, எங்கே செல்லவில்லை என்பதைக் கத்தி வைக்காமல் கண்ணாற் காண்பதற்கு இன்று ஒரு வழி பிறந்துள்ளது.

நுரையீரல் என்பது காற்றடைத்த இரு பைகள் என்று கீழ்வகுப்புகளில் சொல்லித் தருகிறோம். உண்மையில் அதனுள் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையின் சுவரும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. சுவரின் ஒருபுறம் காற்று, மறுபுறம் குருதி. கல் அரைபடும்போது எழும் சிலிக்கா தூசியில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களே இவ்வறைகள் வரை சென்று தங்குகின்றன. சென்ற இடத்தில் தழும்பு உண்டாகிறது. அத்தழும்பை மாற்றும் மருந்து இல்லை. இதனைத்தான் சிலிக்கோசிஸ் என்கிறார்கள்.

மூச்சின் வலிமையை அளக்க மருத்துவமனையில் ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் ஊதச் சொல்வார்கள். பயனுள்ள சோதனைதான். ஆனால் அது இரு நுரையீரல்களுக்கும் சேர்த்தே கணக்குத் தருகிறது. 40 மாணவர் கொண்ட வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால், கடைசி வரிசையில் ஐந்து பேர் தேறாமல் இருப்பது அந்த எண்ணில் தெரியுமா? தெரியாது. எக்ஸ்ரேயோ தழும்பு ஓரளவு வளர்ந்த பின்னரே அதனைக் காட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் குறிப்பைக் கொண்டு படம் வரைவது. நுரையீரலில் இருப்பதில் பெரும்பகுதி காற்று. ஆகவே அப்படத்தில் அவ்விடம் பெரும்பாலும் இருண்டே கிடக்கும்.

அந்த இருட்டில் விளக்கேற்ற வந்தவைதாம் ஹீலியமும் செனானும். எதனோடும் எளிதிற் சேராத மந்த வாயுக்கள் இவை. வரலாற்று ஆசிரியன் என்னும் முறையில் ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்ல மனமில்லை. ஹீலியத்தின் கதை நமக்கு அண்டை மாநிலத்தில் தொடங்கியது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திரத்துக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக்கூடத்தின் போக்சனும் ஆராய்ந்தனர். சூரிய ஒளியில் தெரிந்த புதிய மஞ்சள் கோடே பின்னர் ஹீலியம் எனப் பெயர் பெற்றது. 1895-இல் பூமியிலேயே அதனைப் பிரித்தெடுத்த ராம்சே என்பவர், 1898-இல் டிராவர்சுடன் சேர்ந்து செனானையும் கண்டார். கிரேக்க மொழியில் செனான் என்பதற்கு அந்நியன் என்று பொருள். நாம் சுவாசிக்கும் காற்றில் அது கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

1994-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆல்பர்ட், கேட்ஸ், ஹாப்பர் முதலியோர் ஓர் எலியின் நுரையீரலைச் செனானைக் கொண்டு படம் பிடித்துக் காட்டினர். பின்னர் மனிதரிடத்தில் ஹீலியம்-3 பெரிதும் பயன்பட்டது. அது மிக அரிதாகிவிட்டதால் ஆராய்ச்சியாளர் செனான்-129-க்கே திரும்பினர்.

முறை இதுதான். சாதாரண நிலையில் வாயுவின் அணுக்கருக்கள் என்னும் சிறு காந்தங்கள் ஆளுக்கொரு திசை நோக்கி நிற்கும். பிரார்த்தனை மணி அடிக்குமுன் நம் பள்ளி மைதானம் இருக்குமே, அதுபோல. ருபீடியம் ஆவியின்மேல் தக்க லேசர் ஒளியைப் பாய்ச்சினால் முதலில் ருபீடியம் ஒழுங்குபட்டு, அந்த ஒழுங்கைச் செனானுக்கும் கொடுக்கிறது. குறிப்பின் வலிமை ஏறத்தாழ லட்சம் மடங்கு பெருகுகிறது. ஒளியால் அணுக்களை ஒழுங்குபடுத்தும் இக்கலைக்கு வழிகாட்டிய காஸ்ட்லர் 1966-இல் நோபல் பரிசு பெற்றார்.

நோயாளி ஒரு பையிலிருந்து அவ்வாயுவை உள்ளிழுத்து, பத்துப் பதினைந்து விநாடி மூச்சை அடக்குகிறார். அதற்குள் படம் முடிந்துவிடும். காற்றுச் சென்ற இடம் ஒளிரும். செல்லாத இடம் கறுத்திருக்கும். எக்ஸ்ரேயில் உள்ளது போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. செனான் மிகுந்தால் மயக்கம் தரும். இச்சிறு அளவில் சிலருக்குச் சற்றுத் தலைசுற்றுவதோடு சரி. சில நிமிடங்களில் மூச்சோடு வெளியேறிவிடும்.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. செனான் நுண்ணறையின் சுவரிலும் கரையும், சிவப்பணுவிலும் கரையும். ஒவ்வோரிடத்திலும் அதன் அலைவெண் சற்று மாறும். ஆகவே காற்று வந்ததா என்பது மட்டுமன்றி, சுவரைக் கடந்து குருதியைச் சேர்ந்ததா என்பதும் தெரியும். கொரோனாவுக்குப் பின் மூச்சுத் திணறல் நீங்காதவர்களை ஆக்ஸ்ஃபோர்டிலும் ஷெஃபீல்டிலும் இவ்வாறு ஆராய்ந்தபோது, சி.டி. ஸ்கேன் இயல்பாக இருந்தவர்களிடத்தும் வாயு கடந்து செல்வதில் குறை தென்பட்டது. “உனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லப்பட்டவர்களுக்கு உண்மையில் ஒன்று இருந்தது.

இங்கே என் பழைய மாணவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். கல்லரைக்கும் ஆலையில் பன்னிரண்டு ஆண்டு உழைத்தவர். மூச்சு வாங்குகிறதென்று சென்றவரிடம், “நீ சரியாக ஊதவில்லை” என்று கூறி அனுப்பிவிட்டார்கள். ஊதுவதற்கு மூச்சு இல்லை என்பதுதானே அவருடைய நோய்! ஊதும் சோதனை ஊதுபவரின் முயற்சியைச் சார்ந்தது. ஆகவே ஏழையின் சொல்லை ஐயுற அங்கே இடமுண்டு. மூச்சை உள்ளிழுத்துச் சில விநாடி அடக்கிப் பெறும் படத்தில் அவ்வையத்திற்கு இடம் மிகவும் குறைவு.

மிகைப்படுத்திச் சொல்ல நான் வரவில்லை. அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2022 டிசம்பரில்தான் இவ்வாயுவுக்கு ஒப்புதல் அளித்தது. அதுவும் நுரையீரலில் காற்றோட்டத்தை மதிப்பிடுவதற்கு. வாயுவை ஒழுங்குபடுத்தும் கருவி விலை மிக்கது. அதனை இயக்க இயற்பியல் கற்றவர் வேண்டும். நம் நாட்டில் இது பொது மருத்துவமனைகளின் வழக்கமான சோதனை அன்று. சிலிக்கோசிசை உறுதி செய்ய இன்றும் எக்ஸ்ரேயும், செய்த வேலையின் விவரமுமே அடிப்படை.

ஆகவே தூசியில் உழைப்போர் இன்று செய்யத்தக்கதைச் சொல்கிறேன். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லமே இன்று தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. நம் ஊர் நிலையத்தில் ரயிலேறிச் சென்னை சென்று, கடற்கரை மார்க்க மின்தொடரில் சானடோரியம் நிலையத்திலேயே இறங்கலாம். மருத்துவரிடம் இருமலை மட்டும் சொல்லாமல், எந்த ஆலையில், என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதையும் சொல்லி எழுதச் செய்யுங்கள். சிலிக்கோசிஸ் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக இருந்தது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும் அது தொழில்வழி நோயாக இடம்பெற்றிருந்தது. சீட்டும் படமும் இல்லையேல் சட்டம் நமக்கு உதவாது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வைப்பது அப்பிள்ளையின் பொறுப்பு.

மேல்நிலை வகுப்பில் சேரும்போது, “நமக்கு இயற்பியல் வராது” என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு வேறு பிரிவுக்குச் செல்லும் நம் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். லேசர், காந்தம், அணுக்கரு என்று நான் இதுவரை சொன்னவற்றின் முதற்பாடம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. நம் கழகம் மாலை வகுப்புகளில் முதலில் இயற்பியலுக்கு ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ருபீடியம் செனானை எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறது என்று முன்வரிசையில் ஒரு மாணவி கேட்க விரும்புவது தெரிகிறது. கரும்பலகையை இப்படித் திருப்புங்கள், வரைந்தே காட்டுகிறேன்.