ஊர்ச் சபையில் யாருக்கு இடம்?



திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர் இருக்கிறது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், இந்த ஊர் மகாசபை கூடித் தன் விதிகளைத் தானே வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு உறுப்பினரைத் தேரும் குடவோலை முறைக்குப் பெயர்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர்க் கல்வெட்டு அவற்றுக்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது.

சபையில் யார் அமரலாம், ஊர்க் காரியங்களைப் பார்க்கும் குழுக்களான வாரியங்களில் யாரை அமர்த்தலாம் என்பதே அதன் பொருள். ஊர் நிலத்தில் பங்கு உள்ளவரின் பிள்ளைகளில் நல்லொழுக்கமும், வேதப் படிப்பும், தரும நூல் அறிவும் உள்ளவரே சபைக்கு வரலாம். பங்கை விலைக்கு வாங்கியவரானாலும் சீதனமாகப் பெற்றவரானாலும் படிப்பு வேண்டும். சபையில் முழு உறுப்புரிமை இல்லாதவருக்கு எந்த வாரியத்திலும் பணி கிடையாது. வருகிற தீர்மானத்தையெல்லாம் கூடாது என்று மறித்துக்கொண்டே இருப்பவரும், அவருக்குத் துணை நிற்பவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும்.

பணம் இருந்தால் மட்டும் பதவி இல்லை என்று ஓர் ஊர் அன்றே முடிவு செய்ததை நாம் பெருமையோடு சொல்லலாம். சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர். அந்த வயல்களில் நாற்று நட்ட பெண்களுக்கும், உழுது அறுத்த நிலமற்றவர்களுக்கும் அந்தச் சபையில் இடமில்லை. தகுதி என்ற பெயரிலேயே ஊரின் பெரும்பகுதி வெளியே நின்றது.

அந்தக் கதவைத் திறந்தது சட்டம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, நிலமும் படிப்பும் சாதியும் பாராமல் வாக்குரிமை தந்தது. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் 1992இல் நிறைவேறியது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 2016இல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று ஆனது. 2025இல் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினர்களாக்கச் சட்டமன்றம் வழிசெய்தது.

ஆனால் சட்டம் மட்டும் போதவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்கச் சாதியினர் ஏற்க மறுத்ததால், 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் அங்கே தலைவர் நிலைக்கவில்லை. 2006இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. பெண் தலைவரின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்து பேசுகிற ஊர்கள் இன்றும் உண்டு.

இன்று கிராம ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைக் கேட்கலாம், தணிக்கை அறிக்கையைக் கேட்கலாம். குளத்து மடையிலிருந்து தெருவிளக்கு வரை எதைப் பற்றியும் பேசலாம். அதற்குத் தண்டம் கிடையாது. அது உங்கள் உரிமை.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வீட்டுப் பெண்களோடு போங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல், கணக்கைக் கேட்டுவிட்டு வாருங்கள்.