எழுபது வயது தாண்டிய மாத்திரை

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். போய்விட்டு வந்து உட்கார்ந்ததுமே மறுபடி அவசரம். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது படும் அவதி இது. பெரும்பாலும் காரணம் ஈ.கோலை. குடலில் சாதுவாக இருக்கும் இந்தக் கிருமி, சிறுநீர்ப்பைக்குள் நுழைந்துவிட்டால் நுண்ணிய இழைகளால் அதன் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது.

மருந்துக்கடையில் நீர்க்கடுப்பு என்றதும் பல நேரம் கைக்கு வருவது சிப்ரோஃப்ளோக்சசின். இந்தியாவில் ஈ.கோலை அதற்குப் பெருமளவு அடங்குவதில்லை என்பதுதான் கவலை.

அதனால் மருத்துவர்கள் 1953-இல் புழக்கத்துக்கு வந்த நைட்ரோஃபுரன்டாயினை மறுபடி நாடுகிறார்கள். அருமையான மருந்து. இரத்தத்தில் மிகக் குறைவாகவே இருக்கும். சிறுநீரகம் அதை வடித்துச் சிறுநீரில் சேர்த்துவிடும். கிருமியைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் தாக்குவதால் எதிர்ப்பு வளர்வதும் மெதுவாகத்தான். பொதுவாக 5 நாள், சாப்பாட்டோடு. சிறுநீர் பழுப்பாகப் போனால் பயம் வேண்டாம், மருந்தால் வரும் நிறம். ஆனால் குளிர்காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அங்கே இந்த மாத்திரை போதாது.

ஃபாஸ்ஃபோமைசின் என்று இன்னொன்று. ஸ்பெயின் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து 1969-இல் கண்டறிந்தது. 3 கிராம் தூள், தண்ணீரில் கரைத்து ஒரே வேளை.

கல்ச்சர் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும்.