டெப்பட் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்

(ஞாயிற்றுக்கிழமை காலை தோட்ட வாசிகசாலையில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பற்றிப் பேசினேன். இன்றைக்கு மோட்டார் சைக்கிள் என்றதும் பின்னால் இருக்கும் தம்பிமார் சிரிக்கிறீர்கள். சிரிங்க, பரவாயில்லை. இதுவும் நலன்புரி வேலைதான். மேல் டிவிஷனில் ராத்திரி ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்? சைக்கிள் வைத்திருப்பவன் வீட்டைத்தானே. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய சைக்கிளுக்கும் விலை ஏறியது. 2025இல் திரும்பத் திறந்தார்கள், ஆனாலும் புதுசு வாங்குவது நம் சம்பளத்தில் லேசான காரியமா? இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

நம்முடைய லயங்களில் நிற்பது அதிகமும் பழைய ஹொண்டா 90. ஜப்பானில் தபால்காரர் ஓட்டிய சிவப்பு எம்.டி. 90உம் இருக்கிறது. ஆகவே அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலம். என் சைக்கிளில் 'டிக் டிக்' என்று டெப்பட் சத்தம். எனக்கு அது பிடிக்கவில்லை. மூடியைக் கழற்றி, கேஜ் ஒன்றும் வைக்காமல் கைக்கணக்கில் முறுக்கினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். சத்தமே இல்லை, தையல் மெசின் மாதிரி ஓடியது. பெருமையாக இருந்தது! இரண்டு மாதம் போனது. காலையில் கிக்கரை மிதித்தால் சும்மா இறங்குகிறது, சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ராத்திரி, இழுப்பு வந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தகப்பன் பின்னால் உட்கார, நோர்வூட் பக்கத்திலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். ஏற்றத்தில் வண்டி மூச்சு விட்டது. நின்றே போனது. மழையில் பிள்ளையைப் படங்குக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். மரக்கறி லொறி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டது. பிள்ளை பிழைத்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கராஜில் ஹெட்டைக் கழற்றிய பாஸ், புகை போகும் வால்வைக் கையில் தந்தார். அதன் விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். எரிந்திருந்தது.

ஏன் எரிந்தது? வால்வை அமுக்கித் திறக்கும் கைக்கும் வால்வின் காம்புக்கும் நடுவில் சிறு இடைவெளி வேண்டும். என்ஜின் சூடானதும் காம்பு நீளும். நீளுவதற்கு இடம் இல்லையென்றால் வால்வ் முழுதாக மூடாது. மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வ் தன் சூட்டை ஹெட்டுக்கு இறக்கி ஆறுகிறது. மூடாவிட்டால் ஆறவும் முடியாது, நெருப்புக் காற்றும் அந்தச் சந்தால் பீறிட்டுப் போகும். இடைவெளி கூடினால் சத்தம் வரும், கொஞ்சம் இழுவை குறையும், பாகங்கள் தேயும், ஆனால் அது உங்களுக்குக் கேட்கும். குறைந்தால் ஒரு சத்தமும் வராது. வால்வ் தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்க இறங்க, யாரும் தொடாமலே இடைவெளி குறையவும் செய்யும். ஆகவே அமைதியாக ஓடும் பழைய என்ஜினைப் பார்த்துத்தான் நான் பயப்படுகிறேன்.

ஹொண்டா 90க்கு அளவு, இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர். பிள்ளைகளின் கொப்பித் தாளை விட மெல்லியது. கண்ணால் பிடிபடாது, பீலர் கேஜ் வேண்டும். சிஜி 125 வைத்திருப்பவர்களுக்கு 0.08. வேறு சைக்கிள் என்றால் அதன் புத்தகத்தைப் பாருங்க, பக்கத்து லயத்துக்காரர் அளவை வாங்காதீங்க.

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற சைக்கிள்தான் சரி. பிளக்கைக் கழற்றினால் என்ஜின் லேசாகச் சுற்றும். கியர் மிதியைக் கழற்றி இடது பக்கத்து மெக்னட் கவரை எடுங்க. ஹெட்டின் மேலேயும் கீழேயும் உள்ள வட்ட மூடிகளைக் கழற்றுங்க. மேலே உள்ளது பெற்றோல் வரும் வால்வ், கீழே புகை போகும் வால்வ். கீழ் மூடியைத் திறந்ததும் ஓயில் சொட்டும், ஒரு தகர டின்னை வையுங்க. (அம்மாவின் சமையல் பாத்திரத்தை அல்ல.)

மெக்னட் வீலை இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றி, 'T' எழுத்துக் கோட்டை என்ஜினில் உள்ள அடையாளத்துக்கு நேரே நிறுத்துங்க. பக்கத்தில் 'F' என்றும் ஒரு கோடு இருக்கும், அது நெருப்புப் பிடிக்கும் நேரத்துக்குரியது. அதில் ஏமாற வேண்டாம். இன்னொரு ஏமாற்றும் உண்டு. வேலைச் சுற்று முழுதாக முடிய வீல் இரண்டு தரம் சுற்றும், ஆகவே 'T'யும் இரண்டு தரம் வரும். ஒரு தடவைதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். இரண்டு கைகளையும் விரலால் ஆட்டிப் பாருங்க. லேசாக ஆடினால் சரி. இறுகியிருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி 'T'க்கு வாங்க. இதைப் பார்க்காமல் வைத்த டெப்பட் எல்லாம் பிழை.

பிறகு 0.05 தகட்டை நுழையுங்க. லேசாக உரசிக்கொண்டு போய் வர வேண்டும். போகவே இல்லையென்றால் இறுக்கம், தொளதொள என்று போனால் தளர்வு. நட்டைத் தளர்த்தி, சதுரத் தலையுள்ள ஸ்குரூவைத் திருப்பிச் சரி செய்யுங்க. நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடத் திரும்பிவிடும். அதனால் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டே இறுக்கி, திரும்பவும் தகட்டை விட்டுப் பாருங்க. எனக்கு இன்றைக்கும் மூன்று நாலு தரம் பிடிக்கிறது. மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தால் புதுசு போடுங்க.

அளவு சரியாக வைத்தும் சத்தம் போகவில்லை என்றால்? ஸ்குரூவின் நுனி குழி விழுந்து தேய்ந்திருக்கலாம். தகடு குழிக்கு மேலே பாலம் மாதிரி நிற்கும், கீழே உள்ள உண்மையான இடைவெளி அதற்குத் தெரியாது. அங்கேதான் நான் முறுக்கிக் கெடுத்தேன். நீங்க முறுக்காதீங்க, ஸ்குரூவை மாற்றுங்க. மாற்றும் வரைக்கும் சத்தத்தோடு ஓடட்டும்.

பீலர் கேஜ் ஒன்று என் ஒபிஸ் மேசையில் இருக்கிறது. கேட்டுக் கொண்டுபோங்க, திருப்பித் தாங்க. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு இதே வாசலில் வைத்துச் செய்து காட்டுகிறேன். சைக்கிளைக் கொண்டு வருகிறவர்கள் ஸ்டார்ட் பண்ணி வராதீங்க. சனிக்கிழமை பின்னேரமே கொண்டுவந்து நிறுத்திவிடுங்க, இல்லையென்றால் தள்ளிக்கொண்டு வாங்க.