பெட்டி வீடும் கட்டிய வீடும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஊராட்சி உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே,

திருப்பூரைச் சுற்றியுள்ள அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி வட்டாரங்களில் பின்னலாடைத் தொழில் வளர வளர, குடியிருக்க இடம் தேடுவோர் தொகையும் வளர்ந்து வந்திருக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வரும் தொழிலாளர் பலருக்கு நம் கிராமங்களே தங்குமிடம். இத்தேவையைக் கண்டு, தோட்டத்து ஓரத்தில் இரும்புப் பெட்டி அறைகளை இறக்கி வாடகைக்கு விடலாமா என்று எண்ணுவோர் உண்டு. தனிக் குடித்தனம் போகும் மகனுக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று கருதுவோரும் உளர். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பெட்டி வீடு இரு வகைப்படும். ஒன்று, கப்பலில் சரக்கேற்றும் கன்டெய்னர். நம் பனியன்கள் தூத்துக்குடித் துறைமுகம் வழியே வெளிநாடு செல்வது இத்தகைய பெட்டிகளில்தான். அது பழையதான பின் கதவும் ஜன்னலும் வெட்டி அறையாக்கி விற்கின்றனர். மற்றது, இரும்புச் சட்டத்தில் தகடு பொருத்திப் பட்டறையிலேயே செய்து லாரியில் கொண்டுவரும் அறை. சில தினங்களில் அறை தயார். அஸ்திவாரச் செலவு சொற்பம். வேண்டாதபோது பெயர்த்தும் எடுக்கலாம். இவை மெய்யான சௌகரியங்களே. வேலை நடக்குமிடத்தில் அலுவலகமாகவோ, தோட்டத்தில் காவலறையாகவோ வைத்துக் கொள்வதில் தவறில்லை. ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் வாழும் இல்லமாக அதைக் கொள்ளும்போதுதான் குறைகள் வெளிப்படுகின்றன.

முதற் குறை வெப்பம். கன்டெய்னரின் சுவர் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. வெயில் பட்டவுடன் அது காய்கிறது, உள்ளிருப்போரையும் காய்ச்சுகிறது. ஒன்பது அங்குலச் செங்கற் சுவரோ வெப்பத்தை வாங்கி, பல மணி நேரம் தாமதித்தே உள்ளே விடும். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்க வேண்டிய தொழிலாளிக்கு இவ்வேற்றுமை சிறிதன்று. வெப்பத்தைத் தடுக்க உட்புறம் தெர்மோகோல் போன்ற பொருள்களைப் பதிக்கின்றனர். அவற்றுள் பல எளிதில் தீப்பற்றி நச்சுப் புகை கக்குபவை. ஒரே வாசல் உள்ள அறையில் இது பேராபத்து.

இரண்டாவது குறை இடநெருக்கடி. 20 அடிக் கன்டெய்னரின் தரைப் பரப்பு வெளியளவில் 160 சதுர அடி. உட்புற அகலம் 2.35 மீட்டர், உயரம் 2.39 மீட்டர் அளவே. வசிக்கும் அறைக்குப் பொதுவாக 2.4 மீட்டர் அகலமும் 2.75 மீட்டர் உயரமும் வேண்டும் என்பது தேசியக் கட்டிட நெறிமுறை. தகட்டுக்கு உட்புறம் தடுப்புப் பலகை அடித்தால் இருக்கும் இடமும் குறையும்.

மூன்றாவது, காற்றும் மின்சாரமும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றின் வலிமையைப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளே பறைசாற்றுகின்றன. தரையோடு பிணைக்கப்படாத இலேசான தகட்டறையை அக்காற்று அசைத்துவிடக் கூடும். அமெரிக்காவில் இத்தகைய வீடுகளுக்கு 1976-இலேயே தேசியத் தர விதிகள் வந்தன. எனினும் 1992-இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் அவ்வகை வீடுகள் ஏராளமாக நொறுங்கின. 1994-இல் விதிகளைக் கடுமையாக்க நேர்ந்தது. மேலும், இரும்பறையில் ஒரு கம்பியின் உறை கிழிந்தாலும் சுவர் முழுவதும் மின்சாரம் பாயலாம். தக்க எர்த் இணைப்பும், மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் இல்லாமல் அதில் ஒருவரையும் குடிவைக்கலாகாது.

நான்காவது, பணம். கட்டிய வீடும் அதன் மனையும் சேர்ந்தே சொத்தாகின்றன. பத்திரத்தின் பேரில் வங்கிக் கடன் கிடைக்கும். தனியாக வாங்கிய பெட்டியோ லாரியைப் போல ஆண்டுக்காண்டு விலை குறையும், துருவும் பிடிக்கும். பிறர் நிலத்தில் நிறுத்தினால் நிலத்துக்காரர் சொல்லும்போது கிளம்ப வேண்டும். அமெரிக்காவிலும் வீட்டைச் சொந்தமாகவும் மனையை வாடகைக்கும் வைத்திருப்போர் படும் இன்னல் இதுவே. பெயர்க்கலாம் என்கிறோம், கிரேனுக்கும் லாரிக்கும் கூலி கொடுத்து, நம் குறுகிய சந்துகளிலும் தாழ்ந்த மின்கம்பிகளின் கீழும் அதனைக் கொண்டு செல்வது எளிதா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

எனவே, குடியிருப்போர் பட்டா மனை பெற்று நிலையான வீடு கட்ட உதவுவதே ஊராட்சியின் கடமையாகும். 2030-க்குள் கிராமங்களில் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் என்னும் இலக்குடன் 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டிற்கு 3.50 இலட்சம் ரூபாய் வழங்க வகை செய்யப்பட்டது. கன்டெய்னர் அறையைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட பரப்பு அது! மனைக்குப் பட்டா இல்லாத ஏழைகளின் பெயர்களை நாமே தேடித் திரட்டி, வருவாய்த் துறையிடம் முறையிட வேண்டும்.

கட்டும் வீட்டிலும் எச்சரிக்கை அவசியம். நொய்யல் கரையில் நிலத்தடி நீர் உப்பேறிய இடங்கள் உண்டு. கம்பி வைத்த கான்கிரீட்டுக்குரிய நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. நீரைச் சோதித்த பின்னரே வேலை தொடங்குக. இல்லையேல் கம்பி உள்ளேயே துருவேறிக் கூரை வெடிக்கும்.

வாடகைக்கு விட விரும்பும் உழவர்களும், காற்றோட்டமும் கழிப்பறையும் சாக்கடை வசதியும் உள்ள லைன் வீடுகளை முறைப்படி அனுமதி பெற்றுக் கட்டுவார்களாக. முதலீடு சற்று அதிகந்தான். ஆயினும் பல்லாண்டு வாடகை தருவது அதுவே. குடியிருப்பவர் நோயின்றி வேலைக்குப் போவதும் அதனால்தான். நம் ஊருக்கு உழைக்க வந்தவர் சரக்கல்லர். சரக்குக்குச் செய்த பெட்டியில் அவரை வைப்பது நமக்குப் பெருமையன்று. ஒவ்வோர் ஊராட்சியும் அடுத்த கிராம சபையில் இதனை எடுத்து விவாதிக்க வேண்டுமெனக் கேட்டுக் கொள்கிறோம்.